பிராசர் பந்து

குவெர்னன், வேல்ஸ்
26 மே 1935

அன்புள்ள டெக்வென் அக்கா,

பத்திரிகையில் என் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். இத்தெல் பிராசர், 'ஈதல் பிராஸர்' ஆகிவிட்டான். ஆனாலும் அச்சில் வந்துவிட்டது பார்த்தாயா! கத்தரித்து இதற்குள் வைத்திருக்கிறேன். அவசரத்தில் உறையோடு சேர்த்துக் கிழித்துவிடாதே.

கவுண்டி கிரிக்கெட் அணிக்கு என்னை எடுத்துவிட்டார்கள். தகர ஆலையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரன் வில், தன் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான். "டேய் இத்தெல், தந்தி வந்திருக்குடா! உன்னைக் கூப்பிட்டுட்டாங்கடா!" என்று கத்தினான். தந்தி என் பெயருக்குத்தான் வந்தது, ஆனால் நான்தான் ஊரில் கடைசியாகப் படித்தேன்.

முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை முடிந்தது. மைதானத்தில் இரண்டு வாசல்கள். துரைமார்களுக்கு ஒன்று, கூலிக்கு ஆடுகிற எங்களுக்கு ஒன்று. அணித்தலைவர் ஃபேர்லி நல்ல மனிதர், என் பெயர்தான் அவர் வாயில் நுழையவில்லை. "நீதான் அந்த... பையன்" என்கிறார். விக்கெட் கீப்பர் ஹேடன் நம் பக்கத்து ஆள். எதிரணிக்குப் புரியாமல் வெல்ஷில் பேசிக்கொள்கிறோம். "மூணாவது பந்துல நம்ம சமாச்சாரத்தை எறக்குடா, இவன் காலைத் தூக்கறான்" என்றான் ஹேடன். இறக்கினேன். வெளியே போகும் என்று மட்டையை நீட்டிக்கொண்டிருந்தவரின் பின்னால் பந்து உள்ளே திரும்பி நுழைந்துவிட்டது. அவர் எதையோ தொலைத்தவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நடுவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

அந்தப் பந்து அக்கா. நாம் கோலிக்குண்டு சுண்டிய அதே மாதிரி, நடுவிரலை மடித்து.

அப்பாவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழமை ஆட்டம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று வேதப்புத்தகத்தைத் திருப்பினார். சபை மூப்பருக்கு இதற்கு மேல் சந்தோஷப்பட அனுமதி இல்லை போலிருக்கிறது.

விக்கெட் விழுந்ததும் எல்லோரும் ஓடி வந்து முதுகில் தட்டினார்கள். நான் கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன். பைத்தியக்காரத்தனம்தான். தேடினேன்.

உன் தம்பி
இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு, பட்டகோனியா, தென் அமெரிக்கா
21 ஜூலை 1935

டேய் தம்பி,

நான் இங்கே வந்து ஐந்து வருஷமாகிறது. உன்னிடமிருந்து வந்ததிலேயே நீளமான கடிதம் இதுதான். அதிலும் பாதி, முகம் தெரியாத எவனோ ஒருவன் காலைத் தூக்கியது பற்றி! அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் கல்லறையில் புல் வெட்டுகிறீர்களா? ஒரு வரியாவது எழுதக்கூடாதா?

கத்தரிப்பைக் கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீருக்கு உட்கார்ந்தபோது எழுந்து நின்று வாசித்தேன். பாதிப் பேருக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது, வேல்ஸிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளாக இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் நம் ஊர்ப் பெயர் வந்ததும் ஒரு கிழவி அழுதுவிட்டாள். அவள் குவெர்னனைப் பார்த்ததே இல்லை.

எலிஸ்டன் மட்டும் நம்பவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர், அறுபது வயது பிரம்மச்சாரி. எதையும் நம்பாத குணம். "ஒரே கை, ஒரே ஓட்டம், ஒரே வீச்சு, பந்து மட்டும் ரெண்டு பக்கமும் திரும்புமாக்கும்? பேப்பர்காரன் கதை விடறான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு எல்லோரையும் களஞ்சியத்துக்குப் பின்னால் கூப்பிட்டுப் போய்ப் போட்டுக் காட்டினேன். முதல் கிழங்கு திரும்பவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது திரும்பியது. "கெழங்கு கோணலா இருந்தா திரும்பத்தான் செய்யும்" என்றார் எலிஸ்டன். ஹெவின் சிரித்துச் சிரித்து வேலியில் சாய்ந்துவிட்டார். என் கணவர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனபோது காற்று அடங்கியிருந்தது. இங்கே காற்று அடங்குவது அபூர்வம். அந்த அமைதியில் உன்னை நினைத்துக்கொண்டேன். கப்பல் சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன, இத்தெல். ஹெவின், நான், நீ. கிளம்புகிற காலையில் பார்த்தால் உன் பெட்டி மட்டும் கட்டாமல் கிடந்தது. "சனிக்கெழமை ஆட்டம் இருக்குக்கா" என்றாய். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் கடலைக் கடந்தேன்.

இப்போது கத்தரிப்பைப் பார்க்கும்போது நீ செய்தது சரி என்று தோன்றுகிறது. அது இன்னும் கோபத்தைத் தருகிறது.

டெக்வென்


குவெர்னன்
8 செப்டம்பர் 1935

அன்புள்ள அக்கா,

அப்பாவின் இருமல் தேவலை. புல் வெட்டினேன். கல்லறைக்குப் பக்கத்தில் யாரோ டாஃபடில் பூக்கிழங்கு ஊன்றியிருக்கிறார்கள், யார் என்று தெரியவில்லை. போதுமா?

இனி நான் சொல்ல வந்தது. கடல்கடந்து வந்திருந்த சுற்றுப்பயண அணியோடு ஆகஸ்டில் ஆடினோம். ஏழு விக்கெட் அக்கா. ஒரே இன்னிங்ஸில். ஐந்தாவது விழுந்ததும் சுரங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருவர் ஆலயப் பாட்டை எடுத்தார். பிறகு மைதானம் முழுக்கப் பாடியது, நான்கு குரலாகப் பிரிந்து. ஃபேர்லிக்கு ஒன்றும் புரியவில்லை. "யாராவது செத்துட்டாங்களா?" என்று ஹேடனிடம் கேட்டார். "இல்ல சார், சந்தோஷமா இருக்கோம்" என்றான் அவன்.

நான் அடுத்த பந்தைப் போடாமல் பாட்டு முடிகிற வரை நின்றேன். மட்டையாளரும் நின்றார். நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மாலையில் ஒரு லண்டன் நிருபர் வந்தார். என் ஆங்கிலம் உனக்குத் தெரியுமே. பாதி கேள்வி புரியவில்லை. புரியாததற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுதியதை அனுப்பியிருக்கிறேன். இன்னும் முழுதாகப் படிக்கவில்லை, ஆங்கிலம் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கடைசி வரி புரிந்தது. இங்கிலாந்து அணிக்கு அடுத்த வருஷம் என் பெயரைப் பார்ப்பார்களாம்.

குளிர்காலத்துக்கு ஆலைக்குத் திரும்பிவிட்டேன். தகடு வெட்டும்போதும் விரல் பந்தைத்தான் பிடிக்கிறது. ஆட்டம் தொடங்கும் ஏப்ரல் எப்போது வரும் என்று இருக்கிறது.

நீ ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். அதற்குப் பிறகு ஆடாவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது. சும்மா சொன்னேன். ஆடுவேன்.

இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு
3 நவம்பர் 1935

இத்தெலுக்கு,

லண்டன்காரர் எழுதியதை ஹெவின் வாசித்து மொழிபெயர்த்தார். அவருக்கு ரயில் கம்பெனி ஆங்கிலேயர்களோடு பழக்கம், நன்றாகத் தெரியும். அதனால் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லாதே.

'ஆடு மேய்க்கும் மலைச்சரிவில், துணைக்கு ஒருவருமின்றி, இந்த இளைஞன் தானே கண்டுபிடித்த மாயப் பந்து.'

ஆடு மேய்த்தாயா நீ? உனக்கு ஆட்டைக் கண்டாலே பயம். அதை விடு. 'துணைக்கு ஒருவருமின்றி.' இதற்கும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாயா?

நம் வீட்டுப் பின்சந்து, இத்தெல். நீ அந்த முனையில், நான் இந்த முனையில். நான் வலது கை, நீ இடது கை. கோலிக்குண்டைச் சுண்டுகிற மாதிரிப் பந்தைச் சுண்டினால் என்ன என்று முதலில் செய்து பார்த்தது யார்? எதிரே நின்று என் கையைப் பார்த்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி உன் கையில் செய்தாய். எனக்குப் பந்து வெளியே போனது, உனக்கு உள்ளே வந்தது. துணிப்பந்து கிழிந்தபோது அம்மாவின் காலுறையை வெட்டிச் சுற்றித் தந்தது யார்? பெண்பிள்ளை என்று என்னைச் சந்தோடு நிறுத்திவிட்டார்கள். உன்னை மைதானத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு நான் ஒரு நாளும் அழவில்லை. நீ போடும்போதெல்லாம் பாதி நான் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எனக்கென்று ஊரிலிருந்து கொண்டு வந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டாய்.

அந்தப் பந்தைத் திருப்பிக் கொடு. வேறொன்றும் எழுத இல்லை.

டெக்வென்


குவெர்னன்
12 ஜனவரி 1936

அக்கா,

கடிதம் வந்தது. நிருபர் எழுதியது தப்பு.

பந்து உன்னுடையதுதான். எடுத்துக்கொள். எனக்கு இனி வேண்டாம்.

அப்பா நலம்.

இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு
1 மார்ச் 1936

இத்தெல்,

இன்று நம் வேல்ஸ் புனிதர் தாவீதின் திருநாள். எல்லோரும் சட்டையில் லீக் வெங்காயத் தண்டைக் குத்திக்கொண்டு பாட வந்திருக்கிறார்கள். நான் அறைக்குள் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வந்தது கோபம். நான்கு பக்கம் எழுதினேன், நான்கு வரி அனுப்புகிறாய். 'எடுத்துக்கொள்' என்றால் என்ன? தெருநாய்க்கு எறிகிற மாதிரி! ஹெவினிடம் காட்டினேன். "குடிச்சுட்டு எழுதியிருக்கான்" என்றார். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. வரி மேலே ஏறி இறங்குகிறது. உன் பெயரையே கோணலாகப் போட்டிருக்கிறாய்.

திட்டி ஒரு கடிதம் எழுதி முடித்து உறையில் வைத்தேன். பிறகு ஏனோ உன் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உன் எழுத்து இடப்பக்கம் சாயும். இடது கையில் எழுதாதே என்று வாத்தியார் எவ்வளவு அடித்தும் மாறாத எழுத்து. நீ எழுதினால் மை கலைந்து தாளெல்லாம் நீலமாக இருக்கும், கை அதன்மேல் தேய்த்துக்கொண்டே போவதால். இந்தக் கடிதத்தில் ஒரு கறைகூட இல்லை. எழுத்து வலப்பக்கம் சாய்கிறது.

நீ வலது கையால் எழுதியிருக்கிறாய்.

வெளியே பாடுகிறார்கள். இடது கைக்கு என்னடா ஆச்சு? சுளுக்கா? உடைந்ததா? ஒரு வார்த்தை எழுது. தந்தி அடி. நான் சொன்னதையெல்லாம் அழித்துவிடு. பந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அக்கா


குவெர்னன்
3 மே 1936

அன்புள்ள அக்கா,

வலது கையெழுத்து தேறிவிட்டது பார். தந்தியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால்தான் அடிக்கவில்லை.

டிசம்பர் நடுவில் நடந்தது. வெட்டு இயந்திரத்தில் தகட்டைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் இன்னொரு தகடு ஒட்டியிருந்திருக்கிறது. அது வழுக்கியது, கை முன்னால் போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். இடது கையில். மற்றவை இருக்கின்றன.

வலி பிறகுதான் வந்தது. முதலில் ரொம்பத் தெளிவாக ஒரு நினைப்பு வந்தது: ஏப்ரலுக்குள் ஆறிவிடும். பக்கத்தில் தகடு பிரிக்கிற பெண்கள் ஓடி வந்து தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுற்றினார்கள். அவர்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். "ஏப்ரல்ல ஆட்டம் இருக்கு, ஏப்ரல்ல ஆட்டம் இருக்கு" என்று. அதில் ஒருத்தி இன்றைக்கும் தெருவில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

உன் கடிதம் ஜனவரியில் வந்தது. கட்டுப் பிரித்திருக்கவில்லை. அப்பாதான் வாசித்துக் காட்டினார். 'அந்தப் பந்தைத் திருப்பிக் கொடு' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வேணாம்டா."

"படிங்கப்பா."

"அவளுக்குத் தெரியாதுடா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். படிங்க."

படித்தார். படித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். "காலுறை எங்க போச்சுன்னு உங்கம்மா தேடிட்டே இருந்தா" என்றார். அம்மா போன பிறகு அவர் அம்மாவைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.

உனக்கு ஏன் உடனே சொல்லவில்லை? அந்த உருளைக்கிழங்குக் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். அங்கே உன்னிடத்திலாவது நான் முழுசாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கடிதம் கப்பலில் போகிற காலம் வரைக்குமாவது.

ஃபேர்லி பழக்கூடையோடு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அடுத்த சீசன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். போகும்போது "வரேன், இத்தெல்" என்றார். சரியாக உச்சரித்தார் அக்கா. யாரிடமோ கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆலையில் கணக்கு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சீசன். நினைத்துப் பார்த்தால் ஒரு கோடைக்காலம், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் மைதானத்துப் பக்கம் போவதில்லை. ஆனால் நம் ஊர்ச் சுவர்களுக்குக் காது அதிகம். மட்டை பந்தைச் சந்திக்கிற சத்தம் மலையில் பட்டு வீட்டுக்குள் வருகிறது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், பந்து திரும்பியதா இல்லையா என்று. திரும்புவதில்லை.

இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு
2 ஆகஸ்ட் 1936

என் கண்ணே, தம்பி,

ஜூன் கடைசியில் உன் கடிதம் வந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. அழுதேன் என்று எழுதினால் உனக்கு என்ன லாபம்? கட்டுப் போட்ட கையோடு நீ படுத்திருக்க, அப்பா என் கடிதத்தை வாசிக்கிறார். அந்தக் காட்சி அடுப்பிலும் தெரிகிறது, வாய்க்கால் தண்ணீரிலும் தெரிகிறது.

அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை இருபத்தெட்டு, நம் முன்னோர் இங்கே கரையிறங்கிய நாள். குளிரோ காற்றோ, பள்ளத்தாக்கே கூடித் தேநீர் குடிக்கும். இந்த வருஷம் ரயில் கம்பெனி ஆங்கிலேயர்கள் நம் ஆட்களை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நம் பக்கம் ஒரு ஆள் குறைந்தது, வண்டிச் சக்கரம் உடைந்து எங்கோ நின்றுவிட்டான்.

ஹெவின் எழுந்து, "என் பொண்டாட்டி போடுவா" என்றார்.

"பாவாடையோடயா?" என்றார் எலிஸ்டன்.

ஸ்டேஷன் மாஸ்டர் பெம்பர்டன்தான் அவர்கள் தலைவர். விதிப்படி பெண்கள் ஆட முடியாது என்றார். எந்த விதி, காட்டுங்கள் என்று ஹெவின் கேட்டார். விதிப்புத்தகம் அவரிடம் இல்லை. சரி, ஒரு ஓவர் என்றார், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

இத்தெல், உன் கடிதம் வந்த நாளிலிருந்து களஞ்சியத்துக்குப் பின்னால் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. கை சும்மா இருக்கவில்லை. முதல் பந்து காற்றில் எங்கோ போய்த் தேநீர் மேசையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதைப் பெம்பர்டன் வாய்க்காலுக்குள் அடித்தார். பந்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன்: அவன் எப்படிச் செய்வான்? அவசரப்பட மாட்டான். பாட்டு முடிகிற வரை நிற்பான். நானும் நின்றேன். காற்று ஒரு நொடி குறைந்தது. சுண்டினேன்.

உள்ளே வரும் என்று அவர் காலைப் போட்டார். அது வெளியே திரும்பி ஸ்டம்பைத் தட்டிவிட்டது. அவர் தரையைப் பார்த்தார். நீ எழுதினாயே, தொலைத்தவர் போல என்று. அப்படியேதான்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பந்து" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து எலிஸ்டன் வந்து, "இந்தத் தடவ கெழங்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் கொண்டாடினார்கள். நான் மேசைக்குப் பின்னால் போய் அழுதேன். அந்த விக்கெட்டை உன்னிடம் காட்ட ஆளில்லை. கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன் என்று நீ எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வந்துவிடு. ஹெவினும் சொல்கிறார். வாய்க்காலை ஒட்டி நிலம் இருக்கிறது. கணக்கு எழுதுவதை இங்கேயும் எழுதலாம். வா.

அக்கா


குவெர்னன்
20 செப்டம்பர் 1936

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன், இந்த முறை. பெம்பர்டன் ஆட்டமிழந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "மறுபடி படி" என்றார்.

வருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இங்கேயும் இருக்க முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. காரணம் கேட்காதே.

வேறொரு விஷயம். கிளான்மோர் என்று ஒருவன். என் வயதுதான். என் இடத்தில் ஆடுகிறவன். இந்த வருஷம் அவன் பந்துகளைப் போட்டு அடித்துத் துவைத்துவிட்டார்கள். ஒரு நாள் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்து நின்றான், கையில் பந்தோடு. "அத எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்றான். நான் கதவைச் சாத்திவிட்டேன். மழை. அப்பா போய்த் திறந்து, உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் என் கையைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டைத்தான் பார்த்தேன்.

"உங்க எடத்துல நிக்கறது எனக்கு நல்லாவே இல்லைங்க" என்றான். "ஒவ்வொரு ஓவர் முடிஞ்சதும் கூட்டம் பெருமூச்சு விடுது. உங்கள நெனச்சுத்தான் விடறாங்க. எனக்குக் கேக்குது."

என்னால் அவன் மேல் கோபப்பட முடியவில்லை. "அந்தப் பந்து என்னோடது மட்டும் இல்ல. இன்னொருத்தங்க சம்மதிக்கணும்" என்றேன்.

"யாரு?"

"எங்கக்கா. தென் அமெரிக்காவுல இருக்கா."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

கேலி இல்லை. கொடுக்கலாமா? இன்னொன்றும் இருக்கிறது. அவன் வலது கைக்காரன். என்னால் இடது கைக்குத்தான் சொல்ல முடியும், இப்போது அதைச் செய்து காட்டவும் முடியாது. வலது கைக்கு அந்தப் பந்தைத் தெரிந்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு
8 நவம்பர் 1936

இத்தெல்,

முதலில் மாட்டேன் என்று எழுதினேன். அதை அனுப்பவில்லை, ஆனால் எழுதினேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். யாரோ ஒரு கிளான்மோர்! நம் சந்து எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாதவன். அதைக் கொடுத்துவிட்டால் உனக்கும் எனக்கும் நடுவில் இந்தக் கடலைத் தவிர என்ன மிச்சம் இருக்கும் என்று பயமாக இருந்தது.

ஹெவின் பார்த்துக்கொண்டே இருந்தார். "சொல்லிக் குடுத்தா உன் வெரலா போயிடும்?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்து வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோலிக்குண்டு சுண்ட எவனோ ஒருவன் எப்போதோ நமக்குக் காட்டித்தானே கொடுத்திருப்பான்?

கொடு.

அவனிடம் சொல்: பந்தை உள்ளங்கையில் படவிடக்கூடாது. கட்டைவிரல் கீழே, தையலைத் தொடாமல். ஆட்காட்டி விரல் சும்மா மேலே படுத்திருக்கட்டும், அது ஏமாற்று வேலைக்கு மட்டும். நடுவிரலை நகம் பந்தில் படும்படி மடக்கிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டை ஆட்டக்கூடாது, ஆட்டினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். ஈக்கு வலிக்காமல் ஈயைச் சுண்டுகிற மாதிரி விடச் சொல். என் கையைத் தாளில் வைத்து ஹெவின் வரைந்திருக்கிறார், கோழிக்கால் போல இருக்கிறது, பொறுத்துக்கொள்.

ஒரு நிபந்தனை. அவன் போடும்போது நீ மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருந்து சத்தம் கேட்பது கணக்கில்லை.

அக்கா


குவெர்னன்
20 ஜூன் 1937

அன்புள்ள அக்கா,

பார்த்தேன்.

குளிர்காலம் முழுக்கக் கிளான்மோர் வந்துகொண்டிருந்தான். சபைக் கூடத்துக்குள் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் போட்டோம். அனுமதி கொடுத்தவர் மூப்பர் பிராசர்தான். அவன் ஜன்னல் ஒன்றை உடைத்தான். அப்பா அதில் அட்டையை வைத்து அடைத்தார்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் அப்பா கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார். "எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்றேன். "உன் கூடத்தான்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவை. வாயிற்காப்பாளர் என்னைக் கண்டதும் சீட்டு கேட்காமலே உள்ளே விட்டார். உட்கார்ந்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரே கேள்வி. "அந்த வெள்ளக் கோட்டுக்காரரு ஏன் சும்மாவே நிக்கறாரு?" "அவரு நடுவர்ப்பா." "மூணு குச்சி எதுக்கு, ஒண்ணு பத்தாதா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மதியம் வரை கிளான்மோர் அதைப் போடவில்லை. நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒரு முறை போட்டான், தூக்கி அடித்துவிட்டார்கள். கூட்டம் அந்தப் பெருமூச்சை விட்டது. எனக்கும் கேட்டது. ஹேடன் அவனிடம் போய் வெல்ஷில் ஏதோ சொன்னான். அடுத்த ஓவரில் மறுபடி அதே பந்து. நான் தரையைப் பார்க்கவில்லை, மட்டையாளரைப் பார்க்கவில்லை. அவன் நடுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடங்கியது. சுண்டியது. என் கையில், இல்லாத இடத்தில், அதை உணர்ந்தேன் அக்கா. ஸ்டம்ப் விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது.

கூட்டம் எழுந்துவிட்டது. "பிராசர் பந்து! பிராசர் பந்து!" என்று கத்துகிறார்கள். அப்பாவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார். "எந்தப் பிராசரச் சொல்றாங்க?" என்று என் காதில் கேட்டார்.

"ரெண்டு பேரையும்தாம்பா" என்றேன்.

சாயங்காலம் நிருபர்கள் கிளான்மோரிடம், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். "இத்தெல் பிராசரும், தென் அமெரிக்காவுல இருக்கற அவரோட அக்காவும்" என்று சொல்லியிருக்கிறான். ஒரு பத்திரிகைகூட அக்காவைப் போடவில்லை. நகைச்சுவைக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அதையே சொன்னான். இப்போது உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயரையும் தப்பாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனசு லேசாக இருந்தது. இத்தனை நாளும் என்னை இங்கே பிடித்து வைத்திருந்தது எது என்று தெரிந்தது. அந்தப் பந்து என்னோடு செத்துவிடக்கூடாது என்று காவல் இருந்திருக்கிறேன். இனி காவல் வேண்டாம்.

அப்பாவிடம் கேட்டேன். "சபைய விட்டு நான் வரமாட்டேன். நீ போ. நான் ஒரு ஆட்டம் பாத்தேன்னு அவகிட்ட சொல்லு" என்றார். சொல்லிவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா வீட்டில் அவருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்துவிட்டேன்.

அக்டோபரில் லிவர்பூலிலிருந்து கப்பல். இந்த முறை பெட்டியைக் கட்டிவிட்டேன்.

இத்தெல்


சுபுத் பள்ளத்தாக்கு
15 ஆகஸ்ட் 1937
(லிவர்பூல் கப்பல் அலுவலகத்தில், பயணி இத்தெல் பிராசர் கையில் சேர)

தம்பி,

நீ கப்பல் ஏறுமுன் இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டு எழுதுகிறேன். எலிஸ்டன் குதிரையோடு வெளியே காத்திருக்கிறார், தபாலைச் சேர்க்க. "சீக்கிரம் எழுதும்மா, எனக்கும் அவனைப் பாக்கணும்" என்கிறார்.

கப்பலில் முதல் நாட்கள் வயிறு புரட்டும். இஞ்சி எடுத்துக்கொள். கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காதே. அப்பாவின் புகைப்படம் ஒன்று வேண்டும், தொப்பி இல்லாமல். அவர் எழுந்து நின்றார் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு அவர் ஞாபகமாகவே இருக்கிறது. அவரை விட்டுவிட்டு வா என்று உன்னிடம் கேட்டவள் நான். அது எனக்குத் தெரியும். நீ வருகிற சந்தோஷத்தோடு அந்தக் கனமும் இருக்கிறது, இருக்கட்டும்.

துறைமுகத்தில் காற்று பலமாக இருக்கும். இறங்குகிறவர்கள் எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துதான் வருவார்கள், முகம் தெரியாது. ஏழு வருஷத்தில் நானும் மாறியிருக்கிறேன். காற்றில் வெந்த முகம். நீ என்னைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், நான் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இடது கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு இறங்காதே. எல்லோருக்கும் முன்னால் அந்தக் கையை நீட்டிக்கொண்டு வா. அதைத்தான் நான் முதலில் பிடிக்கப் போகிறேன்.

அக்கா